பர்ராவின் கல் வீடுகள்: மரபு மதிப்பு என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது?

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி பர்ரா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பாக்ஸ்டன் சதுக்கம் என்ற இடத்தில் 33 கல் வீடுகள் மூன்று வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. 1849க்கும் 1852க்கும் இடையில் கட்டியவை. வீட்டுக்கு இரண்டு அறை, மூன்று அறை, மிஞ்சிப்போனால் நான்கு. சிற்ப வேலையோ ஆடம்பரத் தூணோ எதுவும் கிடையாது. முதல்முறை பார்ப்பவர் இவற்றைப் பழைய லைன் வீடுகள் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். ஆனால் இவை மாநில அரசின் மரபுப் பதிவேட்டில் இருக்கின்றன. பர்ராவின் சுரங்கப் பகுதியோ 2017இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலிலேயே ஏறிவிட்டது.

அழகில்லாத, பெரிதில்லாத ஒரு வீட்டுக்கு எப்படி இந்த மதிப்பு வந்தது? இது புரிந்துவிட்டால் எந்தப் பழைய கல் வீட்டையும் பார்த்து, எதைக் காப்பாற்ற வேண்டும், எதை மாற்றினால் பரவாயில்லை என்று சொல்ல முடியும். பழுதுபார்க்கும் முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

"ஆரம்ப விக்டோரியா காலம்" என்றால்

விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்த ஆட்சியின் முதல் பதினைந்து, இருபது ஆண்டுகளைத்தான் ஆரம்ப விக்டோரியா காலம் என்கிறோம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா என்றே ஒரு மாநிலம் இருப்பதால் குழம்ப வேண்டாம். பர்ரா அந்த மாநிலத்தில் இல்லை.

தெற்கு ஆஸ்திரேலியா தனிக் குடியேற்றமாகப் பிரகடனமானது 1836 டிசம்பர் 28இல். ராணி அரியணை ஏறியது 1837 ஜூனில். அதாவது குடியேற்றமும் ஆட்சியும் ஒரே வயது. அதற்கு முன் பர்ரா நிலம் முழுக்க ங்காஜுரி மக்களுடையது. ஆகவே அங்கே 1850இல் எழுந்த ஒரு கல் வீடு, குடியேறி வந்தவர்கள் நிலைத்து வாழ்வதற்கென்று கட்டிய முதல் தலைமுறை வீடுகளில் ஒன்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில் கட்டிய கல் வீட்டுக்கு இந்த இடம் கிடைக்காது. அங்கே அதைவிட முந்நூறு ஆண்டு மூத்த வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. வயது மட்டும் மதிப்பைத் தருவதில்லை. அந்த ஊரின் கதையில் அந்த வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

மதிப்பை அளக்கும் அளவுகோலும் பர்ராவில்தான் பிறந்தது

மரபுச் சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இகோமாஸின் ஆஸ்திரேலியக் கிளை 1979 ஆகஸ்டில் பர்ராவில் கூடி ஒரு சாசனத்தை ஏற்றது. ஊர்ப் பெயராலேயே அது பர்ரா சாசனம் ஆயிற்று. பல முறை திருத்தப்பட்டு, 2013 வடிவம் இன்று நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலும் மரபுப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் பலர் இதைக் கையில் எடுக்கிறார்கள்.

ஓர் இடத்துக்கு ஐந்து வகை மதிப்பு இருக்கலாம் என்கிறது சாசனம்: அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அறிவியல் மதிப்பு. இன்று அந்த வீட்டை ஆராய்ந்தால் இதுவரை எங்கும் எழுதப்படாத செய்தி ஏதாவது கிடைக்குமா என்பதே அதன் பொருள். சுவர்ச் சாந்தில் என்ன கலந்தார்கள், கூரைக்கு எந்த மரம் வந்தது, ஒரே அறைக்குள் எத்தனை பேர் புழங்கினார்கள் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. சுவரும் கூரையும் தரையும்தான் அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைக் கொத்திப் போட்டுவிட்டால், அச்சுப் பிசகாமல் திரும்பக் கட்டினாலும் போன செய்தி போனதுதான்.

சாசனத்தின் அடுத்த முக்கியக் கருத்து: மதிப்பு சுவரில் மட்டும் இல்லை. வீட்டின் மூலப்பொருள், சுற்றுப்புறம், அது பயன்பட்ட விதம், அதோடு பிணைந்த மக்கள், ஆவணங்கள், அக்கம்பக்க இடங்கள் எல்லாவற்றிலும் அது பரவியிருக்கிறது. பாக்ஸ்டன் சதுக்கம் இதற்கு நல்ல உதாரணம்.

1845இல் பர்ராவில் செம்புத் தாது கிடைத்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். (19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோலார் தங்கவயலுக்கு வந்த சுரங்க மேஸ்திரிகளும் இதே கார்ன்வால்காரர்கள்தான், அவர்களுக்குக் கீழே ஆழத்தில் இறங்கியவர்களில் பலர் தமிழர்கள்.) வந்தவர்களுக்கு வீடு போதவில்லை. பர்ரா ஓடையின் மண் கரையைக் குடைந்து, முன்பக்கம் பலகை அடைத்து, மேலே புகைபோக்கி வைத்து அதிலேயே குடியிருந்தார்கள். வாடகை கிடையாது. 1851இல் ஏறத்தாழ 1,800 பேர் இப்படிக் கரைக்குள் வாழ்ந்தார்கள். அதே ஆண்டில் ஓடை பெருக்கெடுத்துக் குழி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நோயும் அங்கே ஓயாமல் இருந்தது. சுரங்கத்தை நடத்திய தெற்கு ஆஸ்திரேலியச் சுரங்கச் சங்கம் தொழிலாளிகளை ஓடையிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர 1849 முதலே கட்டிய வீடுகள்தாம் பாக்ஸ்டன் சதுக்கம். பாக்ஸ்டன் என்பது அந்தச் சங்கத்தின் இயக்குநர் ஒருவரின் பெயர்.

இப்போது ஓடையையும் வீட்டு வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். கரையில் மிஞ்சியிருக்கும் குழி வீடும் மேட்டில் நிற்கும் கல் வீடும் ஒரே கதையின் இரு பாதிகள். இடையில் இருக்கும் திறந்த வெளியை மறைத்து ஒரு மாடிக் கட்டடம் எழுந்தால், வீட்டின் ஒரு கல்லைக்கூடத் தொடாமலேயே அதன் மதிப்பு பாதியாகிவிடும். சுற்றுப்புறமும் மரபின் பகுதி என்று வல்லுநர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சட்டம் கேட்கும் கேள்விகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் 1993ஆம் ஆண்டு மரபு இடங்கள் சட்டம் ஏழு அளவைகளை வைத்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால்: மாநில வரலாற்றின் முக்கியப் போக்கைக் காட்டுகிறதா, அரிதானதா, ஆராய்ந்தால் புதுச் செய்தி தருமா, தன் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டா, வடிவமைப்பிலோ கட்டுமான முறையிலோ உயர்ந்ததா, ஒரு சமூகத்துக்கு நெருக்கமானதா, முக்கியமான மனிதரோடோ அமைப்போடோ நிகழ்வோடோ தனித் தொடர்பு உண்டா. ஒன்று பொருந்தினாலும் மாநிலப் பட்டியலில் ஏறத் தகுதி உண்டு. இதற்கு மேலே தேசியப் பட்டியல், கீழே உள்ளூர்ப் பட்டியல். பட்டியல் எதுவானாலும் அடிப்படைக் கேள்விகள் இவைதான்.

இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஓரிரு பத்தியில் எழுதுவதற்கு மதிப்பு அறிக்கை என்று பெயர். பழைய வீட்டில் கைவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஆரம்பநிலையில் பலரும் இப்படி எழுதுவார்கள்: "இது 1850இல் கட்டிய மிகப் பழமையான, அழகான கல் வீடு. இதைப் பாதுகாக்க வேண்டும்." இதை வைத்துக்கொண்டு ஒரு கொத்தனாருக்கு எதுவும் சொல்ல முடியாது. கீழே உள்ளது வேலைக்கு உதவும்:

"சுரங்கச் சங்கம் தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஓடைக்கரைக் குழி வீடுகளிலிருந்து நிலையான குடியிருப்புக்கு ஊர் மாறியதைக் காட்டுகிறது. சிறிய அறைகள், தாழ்ந்த கூரை, கணப்பிடம், ஒட்டுச் சுவர் ஆகியவை இதை வெளிப்படுத்துகின்றன. வரிசையின் ஒரே சீரான முகப்பும் ஓடைப் பக்கக் காட்சியும் இன்றியமையாதவை. பின்னால் பிற்காலத்தில் சேர்த்த குளியலறைக்கு மதிப்பு குறைவு."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எதற்கு மதிப்பு குறைவு என்று சொல்வதும் அறிக்கையின் வேலை. புதிய குழாயும் மின்கம்பியும் எங்கே போகலாம் என்ற பதில் அதில்தான் இருக்கிறது. எல்லாமே உயர்ந்தது என்று எழுதிவிட்டால் பிளம்பர் தனக்கு வசதியான சுவரில் துளை போட்டுவிட்டுப் போவார்.

சுவரைப் படிப்பது

பழைய வரைபடம், வரிப் பதிவேடு, புகைப்படம் எல்லாம் தேடிப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வீட்டைப் போல வீட்டைப் பற்றிப் பேசும் ஆவணம் வேறில்லை.

வெளியே தொடங்குங்கள். அக்காலத்துச் சாதாரணக் கல் வீட்டுச் சுவர் பெரும்பாலும் 450 மில்லிமீட்டர் அளவு பருமன் இருக்கும். செதுக்காத கற்களை இரு முகமாக அடுக்கி, நடுவில் கல் சில்லும் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பார்கள். சாந்து சுண்ணாம்பாகவோ மண்ணாகவோ இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் அது பழைய சாந்து. சாம்பல் நிறத்தில், ஆணியால் கீறினாலும் அசையாமல் இருந்தால் யாரோ பின்னால் வந்து சிமென்ட் பூசியிருக்கிறார்கள்.

அடுத்து கூரை. மேலே நெளி தகரம் தெரிந்தால் அதுதான் முதல் கூரை என்று முடிவு கட்டாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இந்தக் கால வீடுகளுக்கு முதலில் மரச் சில்லு ஓடு (ஓடு போல அடுக்கிய மெல்லிய மரத் துண்டுகள்) வேய்ந்தார்கள். பிற்பாடு பல இடங்களில் அதைப் பிரிக்காமல் மேலேயே தகரம் அடித்தார்கள். டார்ச்சோடு கூரைக்குள் ஏறிப் பார்த்தால் சாம்பல் நிறச் சில்லுகள் வரிசை குலையாமல் கிடப்பதைக் காணலாம். தகரம் மாற்ற வரும் ஆட்கள் அதைக் குப்பையென்று வாரிப் போடுவது அடிக்கடி நடக்கிற இழப்பு. அந்தச் சில்லுகளை அப்படியே விட்டு மேலே புதுத் தகரம் போட முடியும்.

உத்தரத்தில் ரம்பத் தடம் பாருங்கள். நேர்கோடாக, சற்றே முன்பின்னாக இருந்தால் கையால் அறுத்தது. வட்டத்தின் துண்டு போல வளைந்த கோடுகள் இருந்தால் இயந்திர வட்ட ரம்பம். ஆணியும் அப்படியே: பட்டையாகவும் நுனி மழுங்கியும் இருந்தால் பழையது, உருண்டைக் கம்பி ஆணியாக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்தியது. ஒரே அறையில் இரண்டும் இருந்தால் பிற்காலப் பழுது நடந்திருக்கிறது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். வீட்டின் வரலாற்றில் இன்னொரு பக்கம் அது.

ஓதம்: மதிப்பைத் தின்னும் உப்பு

இந்த வீடுகளின் முதல் எதிரி ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். அடிலெய்டு வட்டாரத்தில் இதற்கு "உப்பு ஓதம்" என்று பொருள்படும் பெயரே உண்டு. பெயர் மிகச் சரியானது, ஏனென்றால் சேதம் செய்வது ஈரமல்ல, உப்பு.

நடப்பது இதுதான். அக்காலச் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணில் இருக்கும் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கல்லின் நுண்துளை வழியாக ஏறுகிறது. கூடவே கரைந்த உப்பும் வருகிறது. சுவர் முகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். துளைக்குள் படிகமாக வளர்ந்து கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: அடியில் கறுத்த ஈரப் பட்டை, அதற்கு மேலே பூத்துப் போன வெள்ளை, அந்த வெள்ளைக்குள் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். விரல் பட்டாலே மாவாகக் கொட்டும்.

பல வீடுகள் முதல் நூறு ஆண்டு பெரிய சேதமில்லாமல் நின்றன. பிறகு ஏன் கெட்டன? பெரும்பாலும் "சீர்திருத்தம்" செய்ததால். மரத்தளத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள். முன்பு தளத்துக்கு அடியில் காற்றோடு போன ஈரம் இப்போது சுவரைத் தவிர வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அடிக்காற்றுத் துளைகளைப் பூந்தொட்டி மண்ணால் மூடினார்கள். வெளியே தளக்கல் பதித்து நில மட்டத்தை உயர்த்தினார்கள். அசிங்கமாகத் தெரிகிறதே என்று அடிச்சுவரில் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் வழியாக ஈரம் வெளியேற முடியாது, எனவே பூச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறி அங்கே புதிதாகக் கல்லைத் தின்னத் தொடங்கும். அரை மீட்டரில் இருந்த சேதம் ஒரு மீட்டருக்குப் போவது இப்படித்தான்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் தண்ணீரின் மூலம்: ஒழுகும் குழாய், உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிய தோட்டப் பாத்தி. அடுத்து காற்றுத் துளைகளைத் திறந்து வெளி மண்ணை உள்தளத்தைவிடத் தாழ்த்துங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். சிமென்ட் பூச்சைக் கல் பெயராமல் நீக்கி, மெலிந்த சுண்ணாம்புப் பூச்சைப் பூசலாம். இது பலியாவதற்கென்றே பூசுவது. உப்பு கல்லில் படியாமல் இந்தப் பூச்சில் படியும். உதிர்ந்ததும் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி பூச வேண்டும்.

இதற்குப் பிறகும் நிற்காவிட்டால்தான் ஈரத்தடுப்புப் படலம். ரசாயனத்தைத் துளையிட்டு ஏற்றும் முறை, நடுவில் சில்லு நிரப்பிய சுவர்களில் நம்பகம் குறைவு. மருந்து பொந்துகளில் ஓடிப்போய் இடைவெளி விழும். இன்னொன்று அடிவரிசைக் கற்களைச் சுமார் 500 மில்லிமீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்த்து, படலம் வைத்துத் திரும்பக் கட்டுவது. ஓதம் நிற்கும், ஆனால் வீட்டின் அசல் கல் வேலையில் ஒரு பட்டையே போய்விடும். மதிப்பு அறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். "தேவையான அளவு செய், மாற்றுவதை இயன்றவரை குறை" என்ற சாசனத்தின் கொள்கைப்படி இது கடைசி வழி.

சுண்ணாம்புச் சாந்து

கற்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் சாந்து உதிர்ந்திருந்தால் மட்டுமே மறு பாயின்டிங், அதாவது அங்கே புதுச் சாந்து திணிப்பது, தேவை. உறுதியாக இருக்கும் பழைய சாந்தைச் சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தோண்டாதீர்கள். தளர்ந்ததைக் கையுளியால் இணைப்பு அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர், எடுங்கள். கிரைண்டர் வைத்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும், அதை ஒட்ட முடியாது.

கலவைக்குப் பொதுவான விகிதம் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். உங்கள் மணலுக்கு அது சரிதானா என்று ஒரு சோதனை செய்யலாம். நன்கு காய்ந்த மணலை ஒரு அளவுக் குவளையில் நிரப்பித் தட்டி மட்டப்படுத்துங்கள். இன்னொரு குவளையிலிருந்து அளந்து, மணல் மேல்மட்டம் நனையும்வரை தண்ணீர் விடுங்கள். சென்ற தண்ணீரின் அளவுதான் மணல் மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம். அதே அளவு சுண்ணாம்பு வேண்டும். பெரிதும் சிறிதும் கலந்த நல்ல மணலில் அது மூன்றில் ஒரு பங்கு அளவில் வரும். ஒரே அளவு மணிகள் கொண்ட மணலில் கூடும், அப்படிப்பட்ட சாந்து சுருங்கி வெடிக்கும்.

இணைப்பை நனைத்து, சாந்தை அழுத்தித் திணித்து, கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். கல் மேல் வழித்துப் பூசக் கூடாது. பிறகு ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது மெல்ல உலர விடுங்கள். பர்ராவின் கோடையில் ஒரே மத்தியான வெயிலில் புதுச் சாந்து சுண்ணாம்புப் பொடியாகிவிடும், ஆகவே கோடை உச்சத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சிமென்ட் வலுவானதாயிற்றே, ஏன் கூடாது? வலுவானதாக இருப்பதுதான் கேடு. சுவரில் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அசைவும் ஈரமும் சாந்து வழியாகப் போனால் உதிர்வது சாந்து, அதை மாற்றலாம். சாந்து கல்லைவிடக் கடினமாக இருந்தால் உதிர்வது கல். சிமென்ட் கட்டம் துருத்தி நிற்க, நடுவில் கல் குழிந்து போன சுவரைப் பார்த்தால் இது ஒரே கணத்தில் விளங்கிவிடும்.

அழகு செய்கிறேன் என்று பொய் சேர்ப்பது

வசதியுள்ள உரிமையாளர்கள் அன்போடு செய்கிற தவறு ஒன்று உண்டு. 1850இன் எளிய வீட்டுக்கு முன் வராந்தா போட்டு, வார்ப்பிரும்பில் சரிகை போன்ற பின்னல் வேலை தொங்கவிட்டு "விக்டோரியா பாணிக்குத் திரும்பினோம்" என்பார்கள். அந்தச் சரிகை அலங்காரம் வீடுகளில் பரவலானது இதற்குப் பிந்திய பத்தாண்டுகளில்தான். தொழிலாளி வீட்டுக்குப் பணக்கார வீட்டின் பிற்கால நகையைப் பூட்டினால், அது சொல்ல வந்த கதையே மாறிப்போகிறது. அதேபோல வெள்ளைப் பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டுவது ஒரு மோகம். செதுக்காத கல் சுவர்கள் பலவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் மழைக்கோட்டு. பூச்சு எத்தனை அடுக்கு, என்ன நிறம் என்பதும் ஒரு சான்று. மணல் வீசிச் சுத்தம் செய்தால் கல்லின் கெட்டியான மேல்தோலும் போய், உப்புக்கு வாசல் திறந்துவிடும்.

சான்று இருந்தால் மட்டுமே இழந்ததைத் திரும்பச் செய்யலாம்: ஒரு பழைய புகைப்படம், சுவரில் உத்தரம் செருகியிருந்த குழி, பக்கத்து வீட்டில் மிஞ்சிய அதே கதவு. ஊகம் போதாது. புதிதாகச் சேர்ப்பது தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டோடு பொருந்த வேண்டும், கிட்டப் போனால் புதியது என்று தெரிய வேண்டும். மாற்றிய உத்தரத்தின் மேல்பக்கத்தில், வெளிக்குத் தெரியாத இடத்தில், அந்த ஆண்டை உளியால் பொறித்துவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், சாந்துக் கலவையின் அளவையும், மணல் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி மதிப்பு அறிக்கையோடு வையுங்கள். எண்பது ஆண்டு கழித்து டார்ச்சோடு அதே கூரைக்குள் ஏறுபவர் எது 1850, எது உங்களுடையது என்று தடுமாறக் கூடாது.